நெல்லைக்குப் போகிறவர்கள் பத்தமடைக்கும் கூந்தன்குளத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் நெல்லையப்பரைக் கும்பிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு, குற்றாலத்துக்கோ கன்னியாகுமரிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சுற்றில் பாய் நெய்யும் பத்தமடையும் பறவைகள் கூடு கட்டும் கூந்தன்குளமும் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இரண்டுமே காலம் பார்த்துப் போக வேண்டிய ஊர்கள்.

ஊருக்கு வந்திறங்கிய வாரமே பத்தமடைக்குப் போய்விடுங்கள். சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால், அம்பாசமுத்திரம் சாலையில் இருக்கிறது, பஸ்ஸிலேயே போகலாம். இங்கு நெய்யும் கோரைப்பாய்தான் புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாய். கோரையைக் காயவைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு மெல்லிய இழைகளாகக் கீறுகிறார்கள். இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயர்ந்த பாய். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். தரையோடு தரையாகக் கட்டிய தறியில் ஒவ்வொரு இழையாக, நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களுக்குள் செலுத்தி இறுக்குவதைப் பார்த்துவிட்டால் விலையில் பேரம் பேச வாய் வராது. பேச வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். மிக நேர்த்தியான பட்டுப்பாயைத் துணிபோல மடிக்கலாம்; அதை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

மணமக்களின் பெயரை நெய்து கல்யாணப்பாய் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வீட்டில் திருமணம் வருகிறது என்றால், பெயர்களைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்து, முன்பணம் தந்து, திரும்பும் தேதியையும் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. உறவினர் யாராவது மூலம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புகிறவர்கள் விமான நிலையப் படிவத்தில் பாயைத் தாவரப் பொருளாகக் குறிப்பிடுவது கட்டாயம்.

கூந்தன்குளம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்கு அருகே. காரில் போவதே வசதி. 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டாலும், ஊர் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்துவருகிறார்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்தோடு நிற்பதில்லை. வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கீழே துணி காயும், கோழி மேயும், மேலே குஞ்சுகள் இரைக்குக் கத்தும். எச்சமும் நாற்றமும் இருக்கத்தான் செய்கின்றன. அந்த எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்புகிறவர்கள், தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

குளத்துக்கு மணிமுத்தாறு அணையின் கால்வாய் வழியாகவும் நீர் வருகிறது. மழையும் வரத்தும் சரியில்லாத ஆண்டில் பறவைகளும் குறைந்துவிடும்; கிளம்புமுன் உள்ளூரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் வரத் தொடங்கும். ஜனவரிக்குப் பிறகு கூடுகளை நன்றாகப் பார்க்கலாம். விடிகாலையில் போங்கள். கூடு இருக்கும் மரத்தடியில் கூட்டம் போடாதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள், ஹாரன் அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடமும் சொல்லிவையுங்கள். கொல்லைக்குள் நுழையுமுன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே கூட வந்து காட்டுவார்கள்.

ஆகஸ்ட் விடுமுறையில் வருகிறவர்களுக்குப் பறவைகள் அநேகமாகக் கிளம்பியிருக்கும். அவர்கள் அந்த நாளையும் பத்தமடைக்கே கொடுத்துவிடலாம்.