கிளிப் கழட்டின பிறகு பல்லுக்கு நடுவுல கேப் விழுதா? மூடறதுக்கு முன்னாடி காரணத்தைக் கண்டுபிடிங்க

நான் கிளிப் போடற ஒரு பல் டாக்டர்கிட்ட அசிஸ்டண்டா வேலை பாக்கறேன். கிளினிக்ல அடிக்கடி கேக்கற கேள்வி, "ரெண்டு வருஷம் கிளிப் போட்டு கழட்டியாச்சு, இப்ப மறுபடி முன்பல்லுல சந்து தெரியுதே, ட்ரீட்மென்ட் சரியா நடக்கலையா?" அவ்ளோ நாள் வலியைத் தாங்கி, முறுக்கு சீடை எல்லாம் விட்டு, வீட்ல தவணை கட்டி முடிச்சிருப்பாங்க, அதனால கண்ணாடில அந்த சந்தைப் பாத்ததும் மனசு உடைஞ்சு போறது நியாயம்தான். ஆனா இதுக்கு ஒரே பதில் கிடையாது. கேப்ல பல வகை இருக்கு, சிலது தானா மூடிக்கும், சிலதுக்கு ரிடெய்னர் (கிளிப் கழட்டினதும் பல் நகராம இருக்க மாட்டறது) போதும், சிலது ஈறு நோயோட முதல் அடையாளமா இருக்கும், அதைப் போய் சும்மா அடைச்சு மறைச்சுட்டா பல்லே போயிடும். அதனால உங்க கேப் எந்த வகைன்னு நீங்களே ஓரளவு புரிஞ்சுக்கிட்டு டாக்டர்கிட்ட போறதுக்காக இதை எழுதறேன்.

இன்னிக்கே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, முதல்ல அதை சொல்லிடறேன். கழட்டி மாட்டற ரிடெய்னர் குடுத்திருந்தா தேடி எடுங்க, கழுவிட்டு மாட்டிப் பாருங்க. பல்லு மேல முழுசா உக்காருது, லேசா இறுக்கமா இருக்குன்னா நல்லது, பல் கொஞ்சம்தான் நகர்ந்திருக்கு, சாப்பிடற நேரம் பல் தேய்க்கற நேரம் தவிர நாள் முழுக்க போட ஆரம்பிங்க, டாக்டருக்கும் ஃபோன் பண்ணி சொல்லிடுங்க. முழுசா உக்காரல, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, இல்ல அழுத்தினா ரொம்ப வலிக்குதுன்னா கட்டாயப்படுத்தாதீங்க, கடிச்சு உள்ள தள்ளவும் கூடாது, அது உடையும், இல்லாட்டி பல்லுக்கு அடி படும். அந்த வாரமே கிளினிக்குக்குப் போயிடுங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டீங்கன்னா ரிடெய்னரோட முடிய வேண்டிய விஷயம் மறுபடி கிளிப் வரைக்கும் போகும்.

இது ஏன் நடக்குது? பல் எலும்புல ஆணி அடிச்ச மாதிரி நிக்கல. வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா நார் இருக்கு, ஈறுக்குள்ளயும் பல்லைச் சுத்தி நார் இருக்கு. கிளிப் பல்லை நகர்த்தறப்ப எலும்பு ஒரு பக்கம் கரைஞ்சு மறுபக்கம் வளரும், ஆனா இந்த நாரெல்லாம் அவ்ளோ வேகமா மாறாது. வேரைச் சுத்தி இருக்கற நார் புது இடத்துக்குப் பழக மூணு நாலு மாசம் ஆகும், ஈறுல இருக்கற இழுவை நாருக்கு ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகும். அது வரைக்கும் பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் கழட்டின முதல் சில மாசம் ரிடெய்னரை நாள் முழுக்க போடச் சொல்றாங்க, அப்புறம் ராத்திரி மட்டும். ஒரு வருஷத்துக்கு அப்புறமும் உதடு, நாக்கு, மெல்லற அழுத்தம், வயசு எல்லாம் சேர்ந்து பல்லை நகர்த்திக்கிட்டேதான் இருக்கும், கிளிப்பே போடாதவங்களுக்கும் இது நடக்கும். அதான் இப்ப நிறைய டாக்டர்கள் பல் நேரா இருக்கணும்னு நினைக்கற வரைக்கும் ராத்திரி போடுங்கன்னு சொல்லிடறாங்க. கிளிப் கழட்டறது ட்ரீட்மென்ட்டோட பாதி தூரம்னு முதல் நாளே எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்லணும், அந்த விஷயத்துல எங்க பக்கம் இன்னும் நிறைய பேச வேண்டியிருக்கு.

சரி, கண்ணாடி முன்னாடி நல்ல வெளிச்சத்துல நின்னு கேப் எங்க இருக்குன்னு பாருங்க.

கடைவாய் பல்லுக்கு நடுவுல, கிளிப் கழட்டின அன்னிக்கே தெரியற சின்ன சந்துன்னா பெரும்பாலும் அது மோதிரம் மாதிரி மாட்டியிருந்த பேண்டோட இடம். பேண்ட் தகடு பல்லுக்கு நடுவுல இருந்ததால அந்த அளவுக்கு இடம் விட்டிருக்கும், சில வாரத்துல தானா நெருங்கிடும். அது வரைக்கும் சாப்பாடு சிக்கும், ஃப்ளாஸ் பண்ணுங்க, அதாவது பல் சந்துக்குன்னே இருக்கற நூலால சுத்தம் பண்ணுங்க, குச்சி போட்டுக் குத்தாதீங்க.

கிளிப்புக்காகப் பல் எடுத்த இடத்துல, அதாவது கோரைப்பல்லுக்குப் பின்னாடி, கோடு மாதிரி சந்து திறந்தா அது வேற கதை. அங்க ரெண்டு பக்கத்துப் பல்லும் நெருங்கி வந்தப்ப நடுவுல ஈறு மடிஞ்சு உள்ள மாட்டியிருக்கலாம், இல்ல பல்லோட தலைப்பகுதி மட்டும் சாய்ஞ்சு ஒட்டி வேர் சரியா நிமிராம இருக்கலாம், சாய்ஞ்சு நிக்கற பல் கேப்பைத் திறக்கும். இதுக்கு எக்ஸ்ரே எடுத்து வேர் எப்படி நிக்குதுன்னு பாக்கணும், வீட்ல கண்டுபிடிக்க முடியாது.

மேல் முன்பல் ரெண்டுக்கும் நட்ட நடுவுல மட்டும் கேப்னா மேல் உதட்டை விரலால தூக்கி, லேசா முன்னாடி இழுத்துப் பாருங்க. உதட்டையும் ஈறையும் சேர்த்துப் பிடிச்சிருக்கற ஜவ்வு ரெண்டு பல்லுக்கும் நடுவுல வரைக்கும் தடிப்பா இறங்கி வந்து, இழுக்கறப்ப அந்த இடத்து ஈறு வெளுத்துப் போச்சுன்னா அது ஒரு காரணமா இருக்கலாம். அதை ஒரு சின்ன அறுவையில எடுத்துடலாம். ஆனா வரிசை முக்கியம், பொதுவா முதல்ல கேப்பை மூடிட்டு அப்புறம்தான் ஜவ்வை எடுப்பாங்க, முன்னாடியே எடுத்தா ஆறின தழும்பே பல் சேர்றதுக்குத் தடையாகும். கிளிப்புக்கு முன்னாடியே உங்களுக்கு அந்த இடத்துல சந்து இருந்ததுன்னா அது திரும்ப வர ஆசைப்படற இடம், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதே சந்து இருந்தா இன்னும் கூடுதல் கவனம் வேணும். இந்த மாதிரி ஆளுங்களுக்குக் கழட்டற ரிடெய்னரை மட்டும் நம்பாம பல்லுக்குப் பின்னாடி ஒட்டற கம்பியும் போட்டுக்கறதுதான் நல்லதுன்னு என் அபிப்பிராயம்.

நாக்கையும் கவனிங்க. எச்சில் முழுங்கும்போது நாக்கு அண்ணத்துல போய் ஒட்டணும். அது முன்பல்லுல முட்டுதா, பல் சந்துக்குள்ள நுழையுதா? தூங்கறப்ப வாயைத் திறந்து மூச்சு விடறீங்களா? அப்படின்னா முன்பல் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளி விரியும், ரிடெய்னர் போடாத நாளெல்லாம் அது வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். மூக்கடைப்பு இருந்தா மூக்கு டாக்டரையும் பாக்கணும், நாக்குக்குப் பயிற்சி இருக்கு, கேட்டு வாங்கிக்கோங்க.

இன்னொண்ணு, பல்லோட அளவு. நடுப்பல்லுக்கு அடுத்த பல் சில பேருக்குக் கூம்பா சின்னதா இருக்கும். 1958ல போல்டன்ங்கற டாக்டர் கணக்கு பண்ணி வச்சாரு, கீழ் முன்பல் ஆறோட மொத்த அகலம் மேல் முன்பல் ஆறோட அகலத்துல சுமாரா 77 சதவீதம் இருந்தாதான் ரெண்டு வரிசையும் ஒழுங்கா கடிக்கும். மேல் பல் அதை விடச் சின்னதா இருந்தா கடியையும் சரி பண்ணி கேப்பையும் முழுசா மூடறது முடியாத காரியம், எங்கயாவது கொஞ்சம் இடம் மிஞ்சும். அதைப் பல் கலர் காம்பசிட்டோ (பல் மேல ஒட்டற பசை மாதிரி பொருள்) வெனீரோ (பல் முன்பக்கம் ஒட்டற மெல்லிசு ஓடு) வச்சு சின்னப் பல்லைச் சரியான அளவுக்குக் கட்டி முடிக்கறதுதான் முறை. இது ட்ரீட்மென்ட் தப்பில்ல, ஆனா ஆரம்பத்துலயே பேஷண்ட்டுக்குச் சொல்லியிருக்கணும்.

இப்ப சொல்லப் போறதைத் தயவு செஞ்சு நிதானமா படிங்க, குறிப்பா 30 வயசுக்கு மேல இருக்கறவங்க. முன்ன நெருக்கமா இருந்த முன்பல் பல இடத்துல விரியுது, முன்னாடி தள்ளுது, ஒரு பல் நீளமாத் தெரியுது, தேய்க்கறப்ப ரத்தம் வருது, வாய் நாத்தம், பல் லேசா ஆடுது, இதுல ரெண்டு மூணு சேர்ந்து இருந்தா அது ஈறு நோயா இருக்க வாய்ப்பு அதிகம். பல்லைப் பிடிச்சிருக்கற எலும்பு கரைஞ்சா, அது வரைக்கும் தாங்கின சாதாரண உதடு நாக்கு அழுத்தமே பல்லை நகர்த்திடும். பெரும்பாலும் வலி இருக்காது, அதான் இதுல பயம். சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கும் சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் இது சீக்கிரம் மோசமாகும், சுகர் டெஸ்ட் எடுத்து ரொம்ப நாளாச்சுன்னா எடுத்துடுங்க. ஒரு சின்ன சோதனை சொல்றேன், மேல் முன்பல் மேல விரலை வச்சுக்கிட்டு டக் டக்னு கடிச்சுப் பாருங்க, கடிக்கற ஒவ்வொரு தடவையும் ஒரு பல் மட்டும் விரல்ல அதிர்ற மாதிரி இருந்தா கீழ்ப்பல் அதை இடிக்குதுன்னு அர்த்தம். கடைவாய் பல் எடுத்துட்டு வேற பல் கட்டாம விட்டவங்களுக்கும் முன்பல் மேல பாரம் விழுந்து இப்படி விரியும். இந்த வகைல முதல் வைத்தியம் ஈறுக்குத்தான், ஆழமான க்ளீனிங், தேவைப்பட்டா ஈறு ஆபரேஷன், வீக்கம் அடங்கி ரத்தம் நின்ன பிறகுதான் பல்லை நகர்த்தறதைப் பத்திப் பேசணும். வீங்கின ஈறோட கிளிப்போ அலைனரோ (பல்லை நகர்த்த கழட்டி மாட்டற ட்ரான்ஸ்பரன்ட் உறை) போட்டா எலும்பு இன்னும் வேகமாப் போகும்.

அப்புறம், கேப் இல்லாத கேப்னு ஒண்ணு இருக்கு. பல் ரெண்டும் நுனில ஒட்டியிருக்கும், ஆனா ஈறுகிட்ட கறுப்பா ஒரு முக்கோணம் தெரியும். கோணலா ஏறி நின்ன பல்லை நிமிர்த்தினா பெரியவங்களுக்கு இது சாதாரணமா வரும், அந்தப் பல் வடிவமே மேல அகலமா ஈறுகிட்ட குறுகலா இருந்தா இன்னும் தெரியும். 1992ல டார்னோவும் அவர்கூட இருந்தவங்களும் அளந்து சொன்னாங்க, பல் ரெண்டும் தொடற இடத்துல இருந்து கீழ எலும்பு வரைக்கும் 5 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா கிட்டத்தட்ட எப்பவும் ஈறு அந்த இடத்தை நிரப்பிடும், 6 ஆனா பாதிக்குப் பாதி, 7 ஆனா கால்வாசிப் பேருக்குத்தான். அதனால இதுக்கு ரிடெய்னர் எவ்ளோ போட்டாலும் பிரயோஜனம் இல்ல. பக்கவாட்டுல எனாமலை மில்லிமீட்டர்ல ஒரு துளி சீவி பல்லைக் கிட்ட கொண்டு வரலாம், இல்ல காம்பசிட் வச்சு வடிவத்தை மாத்தலாம். சுத்தம் பண்ண இன்டர்டென்டல் ப்ரஷ், அதாவது பல் சந்துக்குள்ள போற குட்டி ப்ரஷ் வாங்கி வச்சுக்கோங்க.

பின்னாடி கம்பி ஒட்டியிருக்கறவங்க மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பல்லுலயும் நாக்கால தடவிப் பாருங்க, விரல் நகத்தால லேசா அசைச்சுப் பாருங்க. ஒரு பல்லுல மட்டும் பசை விட்டிருக்கும், கம்பி அப்படியே நிக்கறதால தெரியாது, அந்த ஒரு பல் மட்டும் நகர்ந்து கேப் விழும். அபூர்வமா கம்பி உடையாமலே முறுக்கிக்கிட்டு பல்லைத் தப்பான பக்கம் தள்ளும், அதனால கம்பி இருக்குன்னு செக்கப்பை விட்டுடாதீங்க.

பண்ணக் கூடாததுல முதல் இடம் ரப்பர் பேண்டுக்கு. வீடியோ பாத்துட்டு ரெண்டு முன்பல்லைச் சுத்தி சின்ன ரப்பர் பேண்ட் மாட்டறாங்க. பல் வேர் கீழ போகப் போகக் குறுகும், ரப்பர் வழுக்கி ஈறுக்குள்ள போய் வேரோட ஏறிடும், வெளிய தெரியாது, எலும்பை அரிச்சு ரெண்டு நல்ல பல்லும் விழற நிலை வரும். இப்படிப் பல்லை இழந்த கேஸ் மருத்துவப் பத்திரிகைகள்லயே பதிவாகியிருக்கு. உங்க வீட்டுப் பசங்க இதைப் பண்ணாம பாத்துக்கோங்க. அதே மாதிரி அளவு எடுத்து அனுப்பினா வீட்டுக்கே அலைனர் வரும்ங்கறதையும் ஈறும் எக்ஸ்ரேயும் யாரும் பாக்காம ஆரம்பிக்காதீங்க. ஞானப்பல் முளைச்சதால கேப் வந்துச்சுன்னு சொல்லி அதைப் பிடுங்கவும் ஓடாதீங்க, முன்னாடி தள்ளற பல்லால கேப் எப்படி வரும்?

குழந்தைங்களுக்கு மேல் தாடையை அகலமாக்க அண்ணத்துல எக்ஸ்பேண்டர்ங்கற கருவி போட்டு சாவி திருப்பற சமயத்துல முன்பல் நடுவுல கேப் திறந்தா பயப்படாதீங்க, எலும்பு விரியுதுன்னு அதுதான் அடையாளம், பின்னாடி தானா நெருங்கும்.

டாக்டர்கிட்ட போகும்போது கிளிப் கழட்டின அன்னிக்கு எடுத்த ஃபோட்டோ, பழைய ரிடெய்னர், முடிஞ்சா பழைய எக்ஸ்ரே எடுத்துட்டுப் போங்க. கேப் தெரிஞ்சதுல இருந்து ஒரே இடத்துல ஒரே வெளிச்சத்துல வாரம் ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க, பெருசாகுதா நின்னுடுச்சான்னு அதுல தெரியும், அதுவே பாதி டயக்னோசிஸ். போனதும் நேரா கேளுங்க: இந்த கேப் எதனால வந்துச்சு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தோட ஆழம் அளந்து பாத்தீங்களா, மூடினா நிக்கறதுக்கு என்ன பண்ணப் போறீங்க, ரிடெய்னர் தொலைஞ்சா மறுபடி செய்ய எவ்ளோ ஆகும்? சின்ன கேப்னா ஹாலி ரிடெய்னர் (முன்பல் மேல கம்பி ஓடற, கழட்டி மாட்டற வகை) கம்பியை இறுக்கியே மூடிடுவாங்க, கொஞ்சம் பெருசுன்னா சில செட் அலைனர், இல்ல முன்பல்லுக்கு மட்டும் கொஞ்ச நாள் கிளிப். செலவு பயமா இருந்தா அரசு பல் மருத்துவக் கல்லூரில கிளிப்புக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, அங்க போய்க் காட்டலாம், கூட்டம் இருக்கும், காலைலயே போங்க.

புது ரிடெய்னர் வாங்கினா சுடுதண்ணில போடாதீங்க, வளைஞ்சுடும். ட்ரான்ஸ்பரன்ட் வகையைப் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா கீறல் விழும், சாதாரண தண்ணி, லேசான சோப்பு, மெத்துன்னு ஒரு ப்ரஷ் போதும். சாப்பிட உக்காரும்போது கழட்டி டிஷ்யூல சுத்தி வைக்காதீங்க, கல்யாண வீட்ல இலையோட சேர்ந்து போற ரிடெய்னர்தான் ஜாஸ்தி. அதோட டப்பா எப்பவும் பையில இருக்கட்டும், அடுத்த செக்கப்புக்குப் போறப்ப ரிடெய்னரையும் அந்த டப்பாவிலயே போட்டு எடுத்துட்டுப் போங்க, பொருந்துதான்னு அவங்களும் ஒரு தடவை பாத்துடுவாங்க.