முழுப் பெட்டியை வாங்காதீர்கள்: கிறிஸ்தவ வீட்டுக்கல்வியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்த கையோடு, சேலத்திலும் ஏற்காட்டிலும் வருடாவருடம் சில குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கத் தொடங்குகின்றன. ஜெபித்து எடுக்கிற முடிவு, அதில் குறை காண ஏதுமில்லை. சறுக்குவது புத்தகம் வாங்கும்போதுதான். நேர அட்டவணை சொதப்புவது, நோட்டு அதிகமாக வாங்குவது போன்றவை போகப்போகத் தானே சரியாகிவிடும். சரியாகாதவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

வயதைப் பார்த்து ஒரு வருடச் செட்டை வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் மறுபடி மறுபடி நடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு பொறுக்கவில்லை. "பிள்ளைக்கு ஒன்பது வயது, அப்படியென்றால் நாலாம் வகுப்பு" என்று கணக்குப் போட்டு, அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்பகத்தின் நாலாம் வகுப்புப் பெட்டியை முழுதாக வரவழைத்துவிடுகிறார்கள். புத்தக விலையோடு அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்துகொள்ளும். பெட்டியைப் பிரித்தபின் தெரிகிறது, பிள்ளை ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பிலும் பின்னத்தில் மூன்றாம் வகுப்பிலும் நிற்கிறது என்று. ஒர்க்புக்கில் எழுதிவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது, தங்கைக்கும் ஆகாது. காசு போட்டாயிற்றே என்று அம்மா அதையே இழுக்கிறார். ஆகஸ்டில் கணக்குப் புத்தகத்தை எடுத்தாலே பிள்ளை அழுகிறது. "இதற்குப் படிப்பு ஏறாது" என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைமேல் தவறே இல்லை. அளவெடுக்காமல் தைத்த சட்டை அது.

அளவெடுக்க ஒரு வாரம் போதும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் நினைக்கும் வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே உள்ள கணக்கு நூலை எடுத்து, வெவ்வேறு பாடங்களிலிருந்து 20 கணக்குகளைப் பொறுக்குங்கள். இரண்டு நாள், நாளுக்கு அரை மணி நேரம், உதவி செய்யாமல் போடச் சொல்லுங்கள். 16 சரியென்றால் அடுத்த வகுப்பு நூலை இதேபோல் சோதியுங்கள். குறைந்தால் இன்னும் ஒரு வகுப்பு இறங்குங்கள். வாசிப்புக்கு, ஏறக்குறைய 100 சொல் உள்ள ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

பல பதிப்பகங்கள் நிலை அறியும் தேர்வை இலவசமாகத் தருகின்றன. ஏ.சி.இ. என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடத்திட்ட முறையில் ஒரு பாடத்துக்கு வருடத்துக்கு 12 சிறு புத்தகங்கள். தொடக்கத் தேர்வு வைத்து, எந்த எண்ணுள்ள புத்தகம் தேவையோ அதிலிருந்து தொடங்கலாம். எந்த முறையானாலும் முதலில் கணக்கும் ஆங்கிலமும் மட்டும், அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். வேதம், வரலாறு, அறிவியலை அண்ணன் தம்பி தங்கையை ஒன்றாக உட்காரவைத்து நடத்தலாம் என்பதால் வீட்டுக்கு ஒரு செட் போதும்.

கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்க நூலில் எடை பவுண்டிலும் வெப்பம் ஃபாரன்ஹீட்டிலும் காசு டைம், குவார்ட்டர் என்ற அமெரிக்க நாணயங்களிலும் வரும். லட்சம், கோடி வராது. நம் பிள்ளை 1,00,000 என்று கமா போடவேண்டிய இடத்தில் 100,000 என்று எழுதும். ஆகவே அளவைகள், பணம், பெரிய எண்கள் ஆகிய மூன்றையும் நம் பாடநூலிலிருந்தே நடத்துங்கள்.

பொதுத்தேர்வை ஒன்பதாம் வகுப்பில் யோசிப்பது

இதை முதல் வருடமே முடிவு செய்யவேண்டும், ஏனென்றால் தமிழை என்ன செய்வது என்பது இதைப் பொறுத்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல், எட்டாம் வகுப்பு எழுத 12½ வயது நிரம்பியிருக்கவேண்டும். பத்தாம் வகுப்பில் பகுதி 1 தமிழ். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. நேரடித் தனித்தேர்வர் அந்தச் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், இந்தத் தேதியைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) என்றால் பத்தாம் வகுப்புக்கு 14 வயது, குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்கவேண்டும். பதிவு 5 வருடம் செல்லும், வருடத்தில் இரண்டு முறை தேர்வு உண்டு. ஆங்கிலம் மட்டுமே மொழியாக எடுக்கலாம் என்பதற்காகத் தமிழை விட்டுவிடாதீர்கள். பாட்டியின் வேதாகமத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளையை வளர்ப்பது பெரிய இழப்பு.

வேதபாடத்தை மேலட்டை பார்த்து நம்புவது

'கிறிஸ்தவப் பாடத்திட்டம்' என்று போட்டிருந்தாலும் எந்தச் சபையின் போதனை என்று பாருங்கள். பாப்டிஸ்ட் நிலைப்பாட்டில் எழுதிய நூல், விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்று சொல்லும். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுப் பிள்ளையோ கத்தோலிக்க வீட்டுப் பிள்ளையோ கேள்வியோடு வந்து நிற்கும். ஞானஸ்நானம், திருவிருந்து பற்றிய பாடங்களை முதலில் நீங்கள் வாசியுங்கள். சந்தேகமிருந்தால் உங்கள் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ காட்டுங்கள்.

மனப்பாட வசனம் எந்த மொழிபெயர்ப்பில் என்பதும் முக்கியம். ஆங்கிலத்தில் 50 வசனம் ஒப்பிக்கிற பிள்ளை குடும்ப ஜெபத்தில் 23ஆம் சங்கீதம் தெரியாமல் விழிப்பதுண்டு. பழைய மொழிபெயர்ப்பில் அது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் "ஆண்டவரே என் ஆயர்". ஆதியாகமம் என்ற பெயரே அங்கே தொடக்க நூல் ஆகிவிடும். ஆராதனையில் காதில் விழுவது எதுவோ அதையே கற்றுக்கொடுங்கள்.

பரிணாமப் பாடத்தைத் தாண்டிப்போவது

மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியலில் அது இருக்கிறது. நடத்துங்கள், உங்கள் விசுவாசம் சொல்வதையும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

மலையில் இருந்துகொண்டு மேப்பிள் மரம் படிப்பது

இறக்குமதி நூலின் இயற்கைப் பாடத்தில் மேப்பிளும் ராபின் பறவையும் வரும். ஏற்காட்டில் கோடை மழை விழுந்த சில நாளில் காப்பிச் செடி பூத்துவிடும். காயாகி, பழமாகி, பறிக்க நவம்பருக்கு மேல் ஆகும். ஒரே செடியைக் குறித்துவைத்து மாதம் ஒருமுறை வரையச் சொன்னால் மகரந்தச் சேர்க்கையிலிருந்து விதைவரை முழுப் பாடமும் வந்துவிடும். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியும் அங்கேயே இருக்கிறது. சேலத்தில் இருப்பவர்களுக்கு அங்கே வெட்டியெடுக்கும் மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம் உண்டு. உருக்காலை உலைகளுக்கான செங்கல் அதிலிருந்து வருகிறது என்று சொல்லி வேதியியலைத் தொடங்கலாம்.

மழைக்காலத்தில் வீடியோவை நம்புவது

மலையில் கரண்டும் நெட்டும் போகும். வாரப் பாடத்தை ஞாயிறு மாலையே இறக்கி வையுங்கள்.

விடைப் புத்தகம் இல்லாத பழைய செட்

பதிப்பு எண் ஒத்துப்போகிறதா, ஒர்க்புக் எழுதாததா, விடைநூல் கூடவே இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.