நீலம் பிடித்தால் 300 டிகிரி என்று முடிவு கட்டாதீர்கள்

கிரைண்டரில் உளி தீட்டும்போது நுனியில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடும், அப்புறம் பழுப்பு, ஊதா, கையை எடுப்பதற்குள் நீலமே பிடித்துவிடும். பட்டறையில் வேலை பழகியவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்: சாதாரண கார்பன் ஸ்டீலில் மஞ்சள் சுமார் 220 டிகிரி செல்சியஸ், பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. கணக்கு சரிதான். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தப் பார்ட் இவ்வளவு சூடு கண்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது.

அந்த நிறம், சூட்டில் காற்றுபட்டு உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். சோப்புக் குமிழியில் நிறம் தெரிவது போலத்தான், படலத்தின் தடிமன் மாற மாற நிறமும் மாறும். தடிமன் சூட்டால் மட்டுமா கூடுகிறது, நேரத்தாலும் கூடுகிறது. மேலே சொன்ன எண்கள் சில நிமிடச் சூட்டுக்கானவை. 230 டிகிரியில் மணிக்கணக்காகக் கிடந்த பார்ட் மஞ்சளோடு நிற்காது, பழுப்பு, ஊதா என்று போய்க்கொண்டே இருக்கும். 350ஐத் தாண்டினால் சாம்பல் நிறமாகிவிடும், அதைப் பார்த்து சூடே படவில்லை என்று நினைப்பவர்களும் உண்டு.

அடுத்தது, எந்த ஸ்டீல் என்று கேட்காமலே நிறத்தைப் படிப்பது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உள்ள குரோமியம் படலத்தை வேகமாக வளர விடாது, அதனால் அதில் நீலம் வர 540, 600 டிகிரி ஆகலாம். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரில் பிட்டின் நுனி லேசாக நீலமானால் உடனே தூக்கிப் போடாதீர்கள், அதற்குப் பதம் கொடுப்பதே, அதாவது கடினமாக்கிய பிறகு நொறுங்காமல் இருக்க அளவாகச் சூடாக்குவதே, 550 டிகிரி பக்கம்தான். அதே நீலம் கார்பன் ஸ்டீல் உளியில் வந்தால் முனை இளகிவிட்டது என்று அர்த்தம்.

பேரிங் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு மோட்டாரைப் பிரித்தபோது உள் வளையம் முழுக்கப் பழுப்பு, வெந்துபோய்விட்டது என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். அப்புறம் தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் பழுப்பு துணியில் வந்துவிட்டது, கீழே வெள்ளையாக மின்னியது. பழைய எண்ணெய் காய்ந்து படிந்த கறை அது. ஆக்சைடு நிறமாக இருந்தால் தின்னருக்கு அசையாது, எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால்தான் போகும். இதற்கு நேர்மாறும் நடக்கும், எண்ணெயில் மூழ்கிய பார்ட்டுக்குக் காற்று படாததால் நல்ல சூடு கண்டும் நிறமே வராமல் இருக்கலாம். பேரிங் வளையத்தில் நிஜமாகவே மஞ்சள் வந்திருந்தால், அது லேசான மஞ்சள்தானே என்று திரும்ப மாட்டாதீர்கள். சாதாரண பேரிங் ஸ்டீலுக்குப் பதம் கொடுக்கும் சூடே பெரும்பாலும் 200க்குக் கீழே, அதைத் தாண்டினால் கடினம் குறைந்துவிடும்.

எமரி போட்டு நிறத்தை எடுத்துவிட்டால் பதம் திரும்பி வராது. பழைய பார்ட் வாங்குகிறவர்கள் இதில் கவனமாக இருங்கள், பளபளப்பை நம்பாதீர்கள். ஹார்ட்னெஸ் டெஸ்டர் இல்லையென்றால் வேலைக்கு உதவாத ஒரு ஓரத்தில் நல்ல அரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் கடினம் இருக்கிறது, கடித்தால் போய்விட்டது.