‘ஐ விஷ்’ என்று ஆரம்பித்தால் சறுக்கும் இடங்கள்

பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் எந்தத் தெருவிலும் ஏதாவது ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களின் தாளில் ‘ஐ விஷ்’ என்று ஒரு வரி ஆரம்பித்தால், அடுத்து என்ன தப்பு வரும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். இன்றைக்குப் போர்டில் எழுதிப்போடுகிறவர்களும் ஒருகாலத்தில் அதே தப்பைச் செய்தவர்கள்தான். ஸ்பெல்லிங், கமா எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

‘இருந்தா’வுக்குள் என்ன இருக்கிறது

‘எனக்கு ஒரு பைக் இருந்தா நல்லா இருக்கும்.’ பைக் எப்போது வேண்டும்? இப்போது. ஆனாலும் ‘இருந்தா’வுக்குள் உட்கார்ந்திருப்பது ‘இருந்த்’ என்ற இறந்தகால அடி. இங்கிலீஷ் செய்வதும் இதுதான்: ‘ஐ விஷ் ஐ ஹேட் எ பைக்.’ அங்கே ‘ஹேவ்’ நிற்காது. இந்த ‘ஹேட்’ நேற்றைச் சொல்லவில்லை, கையில் பைக் இல்லை என்பதைச் சொல்கிறது. இலக்கணத்தில் சப்ஜங்டிவ் என்பது இதைத்தான். ‘ஐ வாஸ்’ இடத்தில் வரும் ‘வேர்’ ஒன்றைத் தவிர மற்ற வினைகளில் இது சாதாரண பாஸ்ட் டென்ஸ் மாதிரியே இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

நடந்து முடிந்த விஷயம் என்றால் தமிழே வழி காட்டும். ‘படிச்சா’ என்பது ‘படிச்சிருந்தா’ என்று நீண்டால், இங்கிலீஷிலும் ‘ஹேட்’ போட்டு மூன்றாம் வடிவம் வர வேண்டும். மார்க் வந்த பிறகு ‘ஐ விஷ் ஐ ஸ்டடீட்’ என்று வருத்தப்பட்டால் போதாது. ‘ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்.’ ‘ஐ விஷ் ஐ ஹேட் ஹேட் மோர் டைம்’ என்று ‘ஹேட்’ இரண்டு முறை வந்தால் பயந்துபோய் ஒன்றை அடித்துவிடாதீர்கள். இரண்டும் வேண்டும்.

வேலைக்கே வேட்டு வைக்கிற தவறு

துறைமுகம் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் இன்டர்வியூ முடித்துவிட்டு வந்த பையன் நன்றி மெயில் எழுதுகிறான். கடைசி வரி: ‘ஐ விஷ் ஐ வில் கெட் திஸ் ஜாப்.’ பக்கத்தில் இருக்கும் நண்பனுக்குக் கொஞ்சம் இலக்கணம் தெரியும். “விஷ் வந்தா பாஸ்ட் டென்ஸ் போடணும்டா” என்று திருத்திக்கொடுக்கிறான்: ‘ஐ விஷ் ஐ காட் திஸ் ஜாப்.’ மெயில் போய்விடுகிறது.

முதல் வரி தப்பு, ஆனால் படிக்கிறவருக்கு ஆசை புரியும். இரண்டாவது வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘இந்த வேலை எங்கே எனக்குக் கிடைக்கப்போகிறது’ என்கிற தொனி வந்துவிடுகிறது. விண்ணப்பம் போட்டவனே நம்பிக்கை இழந்த மாதிரி. அரைகுறைத் திருத்தம் இப்படித்தான் வரியைக் கெடுக்கும். பையன் எழுதியிருக்க வேண்டியது ‘ஐ ஹோப் ஐ கெட் திஸ் ஜாப்.’ ‘ஹோப்’ என்றால் ‘கெட்’ போடலாம், ‘வில் கெட்’டும் போடலாம்.

இந்தத் தப்பின் வேர் தமிழில்தான் இருக்கிறது. ‘வேலை கிடைச்சா நல்லா இருக்கும்’ என்ற ஒரே வாக்கியத்தை நம்பிக்கையோடும் சொல்கிறோம், ஏக்கத்தோடும் சொல்கிறோம். வித்தியாசம் குரலில்தான். இங்கிலீஷில் அதற்கு வேறு வேறு வினை. அதனால் எழுதும் முன் தமிழ் வாக்கியத்தின் பின்னால் ஒரு வால் ஒட்டிப் பாருங்கள். ‘பார்ப்போம்’ ஒட்டினால் ‘ஹோப்’. ‘ஆனா இல்லையே’ ஒட்டினால் ‘விஷ்’.

‘பஸ் சீக்கிரம் வந்தா நல்லா இருக்கும், பார்ப்போம்’: ‘ஐ ஹோப் தி பஸ் கம்ஸ் சூன்.’ ‘எங்க வீடு பீச் பக்கம் இருந்தா நல்லா இருக்கும், ஆனா இல்லையே’: ‘ஐ விஷ் அவர் ஹவுஸ் வேர் நியர் தி பீச்.’ பத்து வாக்கியம் இப்படி வால் ஒட்டிப் பழகினால் கை தானாகத் திரும்பும். விதியை நூறு தடவை ஒப்பித்தாலும் திரும்பாது.

‘வுட்’ எப்போது

அடுத்தவர் செய்ய மாட்டேன் என்கிறார், அல்லது நம் கையில் இல்லாத ஒன்று நம்மைப் படுத்துகிறது. அப்போதுதான் ‘வுட்’. தமிழில் ‘கூடாதா’ வருமே, அந்த இடம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்து ‘கொஞ்சம் நகரக் கூடாதா’ என்றால், ‘ஐ விஷ் தீஸ் லாரீஸ் வுட் மூவ்.’ கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ‘மழை நிக்கக் கூடாதா’: ‘ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெயினிங்.’

தன்னைப் பற்றிச் சொல்லும்போது இது கூடாது. ‘ஐ விஷ் ஐ வுட் ஸ்பீக் வெல்’ என்றால், பேசுவதும் பேசாததும் உங்கள் கையில்தானே என்று கேட்கத் தோன்றும். அங்கே ‘கேன்’ என்பதன் இறந்தகாலமான ‘குட்’ போடுங்கள்: ‘ஐ விஷ் ஐ குட் ஸ்பீக் வெல்.’ ‘கேன்’ ஒருபோதும் வராது.

‘வாஸ்’ஸா, ‘வேர்’ஆ

பேச்சில் ‘ஐ விஷ் ஐ வாஸ்’ சகஜம். பரீட்சையிலும் அலுவலகக் கடிதத்திலும் ‘வேர்.’

‘விஷ்ட்’ என்று வந்தால்

‘விஷ்’ இறந்தகாலத்துக்குப் போனாலும் பின்னால் எதையும் மாற்றாதீர்கள். ‘ஹி விஷ்ட் ஹி ஹேட் எ பைக்.’

‘இட்ஸ் டைம்’

‘இட்ஸ் டைம் வி லெஃப்ட்.’ இன்னும் கிளம்பவில்லைதான், ஆனாலும் ‘லெஃப்ட்.’ ‘நேரமாச்சு’ என்று நாமும் ‘ஆச்சு’ போடுகிறோமே.

வாழ்த்து

‘காட் பிளஸஸ் யூ’ என்று ‘அஸ்’ சேர்த்து எழுதுகிறவர்கள் உண்டு. கடவுள் ஒருவர்தானே, ‘எஸ்’ வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இது நம் வியங்கோள் மாதிரி. நீ வாழ்க, அவள் வாழ்க, அவர்கள் வாழ்க, எல்லாவற்றுக்கும் ஒரே ‘வாழ்க’தானே? அதேபோல் ‘காட் பிளஸ் யூ’, ‘லாங் லிவ் தி கிங்.’

தெருமுனை பிறந்தநாள் பேனரில் இருக்கும் ‘விஷ் யூ எ ஹேப்பி பர்த்டே’யை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள். அங்கே ‘விஷ்’ஷுக்குப் பிறகு ஆளும் பொருளும் மட்டும்தான், வினை கிடையாது, அதனால் டென்ஸ் தொல்லையும் கிடையாது. நடுவில் இருக்கும் ‘எ’யைத்தான் முக்கால்வாசிப் பேனர்களில் காணோம்.