பூம்பாறைக்குப் போகிறவர்களுக்கு

பூம்பாறை, கொடைக்கானல் மலையில் இருக்கும் ஒரு கிராமம். முதலில் இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். சமவெளியில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மலையேறும் வழியில் சிக்னல் காலை வாரும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மலையில் தடை, எவர்சில்வர் பாட்டில்தான் சரி.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் 20 கி.மீ. தூரத்தை வைத்து அரை மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது வையுங்கள். பெட்ரோலைக் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்புவது நல்லது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் அடுத்த வளைவுகூடத் தெரியாது. அப்போது ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம்தான். இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, பிடிப்பே போய்விடும்.

ஊருக்குச் சற்று முன்னால், சாலையிலிருந்தே படிப்படியான வயல்களும் நடுவே நெருக்கமான வீடுகளும் தெரியும். படம் அங்கேயே எடுங்கள், வரப்பில் இறங்கி மிதிக்காதீர்கள். குழந்தை வேலப்பர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சிலை போகர் சித்தர் செய்தது என்பது ஐதிகம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் கோயில், பிறகு தெரு.

மலைப்பூண்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. விரலால் அழுத்திப் பாருங்கள்: கல்லுமாதிரி இருக்க வேண்டும், தோல் சரசரக்க வேண்டும். ஈரப்பூண்டை வாங்கிப் பையில் கட்டிவைத்தால் பூசணம் பிடிக்கும். வீட்டில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

நேரம் இருந்தால் அதே சாலையில் இன்னும் தள்ளி இருக்கும் மன்னவனூர் கிராமத்துக்கும் போய்வரலாம்.