பினாங்கு வீட்டு வாசலிலிருந்து இரட்டை விண்மீன்கள்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பட்டர்வொர்த்திலோ ஆயர் ஈத்தாமிலோ டெரஸ் வீட்டு வாசலில் தொலைநோக்கியை நிறுத்துபவருக்கு மங்கலான நெபுலாக்களும் தொலைதூர விண்மீன் திரள்களும் எளிதில் கிட்டுவதில்லை. தெருவிளக்கும் துறைமுக வெளிச்சமும் சேர்ந்து வானத்தை வெளிறச் செய்துவிடுகின்றன. இரட்டை விண்மீன்களுக்கு அந்தத் தடை பெரிதாக இல்லை. விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் குவிந்து வருவதால், முழுநிலவு நாளில்கூட அவற்றைப் பார்க்கலாம். நம் இருப்பிடம் தரும் நன்மையோ இதைவிடப் பெரியது. பினாங்கு வட அகலாங்கு 5.4 பாகையிலும் கோலாலம்பூர் 3.1 பாகையிலும் இருப்பதால், லண்டன்வாசிகள் காணவே முடியாத தென்வான இணைகளையும் மெல்பர்ன்வாசிகள் காணவே முடியாத வடவான இணைகளையும் நாம் ஒரே மாலையில், ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியும். அத்தகைய ஜூன் மாத மாலை ஒன்றை எடுத்துக்கொண்டு, படிப்படியாக எப்படிப் பார்ப்பது என்று இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு

இரட்டை விண்மீன்களில் இரண்டு வகை உண்டு. வெவ்வேறு தொலைவுகளில் இருந்தும் நம் பார்வைக்கோட்டில் தற்செயலாக நெருங்கித் தெரிபவை ஒரு வகை. ஈர்ப்பு விசையால் பிணைந்து ஒன்றையொன்று சுற்றுபவை மற்றொரு வகை. புனர்பூசத்தின் காஸ்டர் உள்ளிட்ட சில இணைகள் உண்மையிலேயே சுற்றுகின்றன என்பதை வில்லியம் ஹெர்ஷல் தம் பல்லாண்டு அளவீடுகளைக் கொண்டு 1803இல் எடுத்துக்காட்டினார்.

இணைகளுக்கு இடையேயான பிரிவை விகலையில் அளக்கிறோம். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை, அதாவது 1,800 விகலை. உங்கள் தொலைநோக்கி எவ்வளவு நெருங்கிய இணையைப் பிரிக்கும் என்பதை அறிய, 116ஐ முகப்பு வில்லை அல்லது ஆடியின் விட்டத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்துப் பாருங்கள். 70 மி.மீ. கருவிக்கு 1.7 விகலையும் 150 மி.மீ. கருவிக்கு 0.8 விகலையும் வரும். வில்லியம் டாஸ் என்னும் ஆங்கிலேயர் வகுத்த இந்த எல்லை, ஏறக்குறைய சமமான பொலிவுள்ள இணைகளுக்கே பொருந்தும். ஒன்று மிகப் பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், பிரிவு அதிகமாக இருந்தாலும் பிரித்துக் காண்பது கடினம்.

உருப்பெருக்கத்தை அறிய, தொலைநோக்கியின் குவிய நீளத்தைக் கண்வில்லையின் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையின்) குவிய நீளத்தால் வகுக்க வேண்டும். 700 மி.மீ. குழாயில் 25 மி.மீ. கண்வில்லை 28 மடங்கும், 10 மி.மீ. கண்வில்லை 70 மடங்கும், அதனுடன் 2 மடங்கு பார்லோ வில்லை (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை வில்லை) சேர்ந்தால் 140 மடங்கும் தரும். 70 மி.மீ. கருவிக்கு அந்த 140 மடங்கே நடைமுறை எல்லை.

இடமும் கருவியும்

தொடக்கநிலையினர் பலரும் கருவியின் விலையைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இடத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நெருங்கிய இணைகளைப் பிரிப்பதைப் பெரிதும் தீர்மானிப்பது காற்றின் அமைதிதான். சிமெண்டுத் தரையும் துத்தநாகக் கூரையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவு முழுவதும் மெல்ல வெளியிடுவதால், அவற்றுக்கு மேலாகப் பார்க்கும் விண்மீன் கொதிப்பதுபோலத் துடிக்கும். அண்டை வீட்டு ஏர்கோன் வெளிப்பெட்டி உமிழும் வெப்பக் காற்றும் அப்படியே. புல்தரை கிடைத்தால் அங்கே நிற்பதே நல்லது. நடு அகலாங்கு நாடுகளில் மேல்வானத்தைக் கலக்கும் ஜெட் காற்றோட்டம் நமக்கு வெகு வடக்கே இருக்கிறது. ஆகவே மாலை மழை ஓய்ந்து, காற்றும் அடங்கி, மேகம் விலகிய இரவு வாய்த்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

ஏர்கோன் அறையிலிருந்து எடுத்து வந்த கருவியின் மூடியை உடனே கழற்றக் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊரின் ஈரக் காற்று பட்டதும் நீர்த்திவலைகள் படியும். அதைத் துணியால் துடைத்தால் பூச்சு கீறப்படும். மூடியுடனேயே அரைமணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருந்து, பிறகு திறக்கவும்.

தாங்கியைப் பொறுத்தவரை, மேல்கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் எளிய தாங்கியோ டாப்சோனியன் என்னும் பெட்டித் தாங்கியோ போதும். ஓர் அச்சைத் துருவ விண்மீனை நோக்கி நிறுத்த வேண்டிய துருவ அச்சுத் தாங்கி வைத்திருப்பவர்களுக்கு இங்கே சிக்கல் உண்டு. துருவ விண்மீன் பினாங்கில் அடிவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில்தான் இருப்பதால் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் சில தாங்கிகளில் எதிரெடைக் கம்பி முக்காலியின் காலில் முட்டும்.

முதல் இணை: வசிட்டரும் அருந்ததியும்

ஜூன் நடுப்பகுதியில் இரவு 9 மணிக்கு வடக்கு நோக்கி நில்லுங்கள். சப்தரிஷி மண்டலம் கவிழ்த்துப் பிடித்த கரண்டியைப் போல, காம்பு வலப்பக்கம் இருக்கத் தெரியும். காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது விண்மீன் வசிட்டர், அதாவது மிசார். ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் இருக்கும். அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் திருமணச் சடங்கில் மணமக்களுக்குச் சுட்டிக்காட்டப்படும் அருந்ததி, வசிட்டரிலிருந்து 12 கலை தள்ளியிருக்கும் மங்கலான விண்மீன். முதலில் வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

அடுத்து 25 மி.மீ. கண்வில்லையைப் பொருத்தி, வசிட்டரை நடுவில் கொண்டுவந்து, விண்மீன் மிகச் சிறிய புள்ளியாகும்வரை குவியத்தைச் சரிசெய்யுங்கள். சற்று உற்றுப் பார்த்தால் வசிட்டரே இரண்டாக இருப்பது புலப்படும். இப்போது 10 மி.மீ. கண்வில்லைக்கு மாறினால் 2.2, 3.9 பொலிவெண் (எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்) கொண்ட இரு விண்மீன்கள் 14 விகலை இடைவெளியில் நன்கு பிரிந்து நிற்க, அருந்ததியும் அதே பார்வைப்புலத்தில் இருக்கும். கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி 1617இல் இதைத் தொலைநோக்கியில் கண்டிருக்கிறார். நிறமாலை ஆய்வு வழியாக இரட்டை என்று 1889இல் முதன்முதலில் அறியப்பட்டதும் இந்த மிசாரின் பிரகாசமான உறுப்புதான். இன்றைய கணக்கில் வசிட்டரிடம் நான்கும் அருந்ததியிடம் இரண்டுமாக ஆறு விண்மீன்கள் இருக்கின்றன. சடங்கில் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போகும் இடத்தில் இத்தனை இருப்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதே என் விருப்பம்.

திசை அறிதல்

பார்ப்பதோடு நிறுத்தாமல் திசையையும் பழகிக்கொள்ளுங்கள். பிறர் பதிவுகளோடு உங்கள் பதிவை ஒப்பிட இதுவே வழி. தொலைநோக்கியைத் தொடாமல் விட்டால், புவியின் சுழற்சியால் விண்மீன் நகர்ந்து பார்வைப்புலத்தை விட்டு வெளியேறும். அது வெளியேறும் பக்கம் மேற்கு. குழாயைத் துருவ விண்மீனை நோக்கி மெல்லத் தள்ளினால் புதிய விண்மீன்கள் நுழையும் பக்கம் வடக்கு. தொலைநோக்கி படத்தைத் தலைகீழாக்கினாலும் இடவலமாக மாற்றினாலும் இந்த முறை பிழைக்காது. பிரகாசமான விண்மீனை மையமாகக் கொண்டு வடக்கை 0 பாகை, கிழக்கை 90, தெற்கை 180, மேற்கை 270 என்று வைத்து, துணை விண்மீன் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மதிப்பிடுங்கள். மிசாரின் துணை ஏறத்தாழ 153 பாகையில், தெற்குக்கும் தென்கிழக்குக்கும் இடையில் இருக்கிறது. உங்கள் மதிப்பீடு அதற்கு அருகில் வந்தால் முறை கைவந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தெற்கே திரும்புங்கள்

அதே இடத்தில் தெற்கு நோக்கினால் தென்சிலுவையும் அதன் இடப்பக்கத்தில் சுட்டு விண்மீன்கள் இரண்டும் தெரியும். சுட்டு விண்மீன்களில் சிலுவைக்குத் தொலைவில் இருப்பது ஆல்பா சென்டாரி. பினாங்கில் அது எட்டும் உச்ச உயரமே 24 பாகைதான் என்பதால், தெற்கே மாடிக் கட்டடம் இல்லாத இடம் தேவை. கோலாலம்பூரில் 2 பாகை கூடுதலாகக் கிடைக்கும்.

இந்த விண்மீன் இரட்டை என்பதை 1689 டிசம்பரில், வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டறிந்தவர் ஜான் ரிஷோ என்னும் இயேசு சபைப் பாதிரியார். அவர் அப்போது இருந்தது புதுச்சேரியில். தமிழ் மண்ணிலிருந்து முதன்முதலில் பிரித்துப் பார்க்கப்பட்ட இணை இது. இரண்டும் ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருவதால், நம் பார்வையில் அவற்றின் பிரிவு 2 விகலையிலிருந்து 22 விகலைவரை மாறுகிறது. 2016 வாக்கில் 4 விகலை அளவுக்கு நெருங்கியிருந்தவை இப்போது அதைவிட நன்கு விலகித் தெரிகின்றன. 70 மடங்கில் பாருங்கள். தாழ்ந்த உயரத்தில் காற்று மண்டலம் ஒளியை நிறங்களாகப் பிரிப்பதால் விண்மீனின் ஒரு விளிம்பு நீலமாகவும் மறு விளிம்பு சிவப்பாகவும் தெரியக்கூடும். அது கருவியின் குறை அன்று.

அடுத்து சிலுவையின் அடிக்கால் விண்மீனான ஏக்ரக்ஸ். இதன் பிரிவு 4 விகலைதான். 100 முதல் 140 மடங்கு வைத்து, காற்று ஒரு கணம் அடங்கும்வரை கண்ணை எடுக்காமல் காத்திருங்கள். ஒவ்வொரு விண்மீனும் சிறு வட்டாகவும் அதைச் சூழ்ந்த மெல்லிய வளையமாகவும் தெரிந்து, வட்டுகளுக்கு நடுவே கறுப்பு இடைவெளி தோன்றும். அந்த இடைவெளியைக் கண்டால்தான் பிரித்ததாகப் பதிவு செய்ய வேண்டும். நீண்ட உருவமாக மட்டும் தெரிந்தால் அப்படியே எழுதுங்கள்.

பதிவேடு

ஒரு குறிப்பேட்டில் வட்டம் வரைந்து, இணையை அதில் குறித்து, மேற்கையும் வடக்கையும் அடையாளமிடுங்கள். நாள், நேரம், கருவி, மடங்கு, காற்றின் அமைதி, நீங்கள் கண்ட நிறம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். இரட்டை விண்மீன் அட்டவணையில் உள்ள அளவைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் மதிப்பீட்டை எழுதிவிட வேண்டும். இல்லையேல் கண் அந்த எண்ணுக்கு இணங்கிவிடும். ஒப்பிடுவதற்கு ஸ்டெல்லேரியம் என்னும் இலவச மென்பொருள் போதும்.

பிற மாதங்களில்

பினாங்கில் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஓரியன் உச்சியில் இருக்கும். அதன் இடைவாரில் உள்ள மின்டகா 53 விகலைப் பிரிவு கொண்ட எளிய இணை. வான நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், உங்கள் பார்வைப்புலத்தை அளக்கவும் அது உதவும்: விண்மீன் ஒரு விளிம்பிலிருந்து மையத்தின் வழியாக எதிர் விளிம்பை அடைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணி, 4ஆல் வகுத்தால் புலத்தின் அகலம் கலையில் கிடைத்துவிடும். செப்டம்பரில் பொன்னிறமும் நீலமுமான அல்பிரியோ, 35 விகலைப் பிரிவுடன், எந்தச் சிறு கருவியிலும் பிரியும்.

150 மி.மீ. கருவியும் சிறிது பயிற்சியும் உடையவர்கள் கேட்டை (அன்டாரிஸ்) விண்மீனை முயலலாம். 1.0 பொலிவெண் கொண்ட செந்நிற விண்மீனிலிருந்து 2.7 விகலையில், 5.4 பொலிவெண்ணில் அதன் துணை இருக்கிறது. லண்டனில் 12 பாகைக்கு மேல் எழாத கேட்டை, நமக்கு 58 பாகை உயரத்தில் நிற்கிறது. ஆகஸ்ட் நடுவில், வானம் முற்றிலும் இருளாத அந்தி நேரத்தில் பார்த்தால் கண்கூச்சம் குறையும். துணை மேற்கே இருப்பதால், தொலைநோக்கியைத் தொடாமல் விட்டு, கேட்டை நகரும் திசையில் அதற்குச் சற்று முன்னால் தேடுங்கள்.