நான்கு சென்டிமீட்டர் வால்

கோத்தகிரியில் என் வீட்டு முன்னறைக்கு ஞாயிறுதோறும் நாலைந்து பிள்ளைகள் விமான வயரிங் கற்க வருகிறார்கள். சென்ற வாரம் ஒரு தம்பி நீட்டிய ஈதர்நெட் கேபிள் (கருவிகளுக்கிடையே தரவு கொண்டுசெல்லும் கேபிள்) முனையைப் பார்த்ததும் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறு, அச்சு அசலாக. கனெக்டரின் பின்னை (உலோக முள்ளை) இடம் மாற்றிச் சொருகுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை சோதனை மேசையிலேயே பிடிபட்டுவிடும்.

கவசத்துக்கு வால் விடுவது

வெளி இரைச்சலைத் தடுக்கக் கேபிளின் மேலுள்ள பின்னல் கவசத்தைப் பிரித்து, ஒற்றைக் கம்பியாகத் திரித்து, கனெக்டரின் உடலில் திருகியிருந்தார். நீளம் 4 செ.மீ. மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டுகிறது. "சரியாகத்தானே இருக்கிறது ஐயா?" என்றார்.

மல்டிமீட்டர் நேர்மின்னோட்டத்தில் அளக்கிறது. அதிர்வெண் ஏறினால் கதையே வேறு. மெல்லிய கம்பியில் தூண்டல் (அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டத்தை மறிக்கும் குணம்) ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி என்று கொண்டால், அந்த வால் 40 நானோஹென்றி. 120 மெகாஹெர்ட்ஸில் அது 30 ஓம் அளவுக்கு மறிக்கும்; கவசம் பிடித்த இரைச்சல் கனெக்டரின் உடலுக்குச் சரியாக வடியாது. விமானி பேசும் வி.எச்.எஃப். ரேடியோ இயங்குவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை.

அன்று எங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். பேச்சுப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஈதர்நெட் இணைப்பு அறுந்தது. மூன்று வாரம் பெட்டிகளை மாற்றினோம், மென்பொருள்காரர்களோடு சண்டை போட்டோம். கடைசியில் கழற்றிப் பார்த்தால் வால். பின்னலைச் சுற்றிலும் 360 பாகையும் கவ்விப் பிடிக்கும் பேக்‌ஷெல்லை, விலை மிச்சமாகும் என்று கனெக்டரோடு வாங்காமல் விட்டவன் நான். கனெக்டர் தேர்வு என்றால் பேக்‌ஷெல்லும் சேர்த்துத்தான். அதில்லாத விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள்.

குவாட்ராக்ஸில் ஜோடி மாறுவது

குவாட்ராக்ஸ் என்பது கனெக்டருக்குள் சொருகும் ஒரு கான்டாக்ட்: ஒரே கவசத்துக்குள் நான்கு பின்கள். எதிரெதிர் மூலையில் இருப்பவையே ஜோடி. பக்கத்துப் பின்னை ஜோடியாக்கினால் ஒன்றின் சமிக்ஞை மற்றதில் கசியும். கேபிள் 100 ஓம் என்றால் கான்டாக்டும் 100 ஓம் ரகமாக இருக்கட்டும்.

பிளாஸ்டிக் ஆர்ஜே45

வீட்டு இணையக் கேபிளின் முனையில் இருக்கும் அந்த பிளக் வீட்டோடு நிற்கட்டும்.

காலித் துளைகள்

மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனிமூட்டத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அலமாரித் துணியில் பூஞ்சை பூக்கிறதல்லவா? உயரத்தில் குளிர்ந்துபோன கனெக்டர் ஈரக்காற்றுக்குள் இறங்கும்போது அதன்மேல் நீர் கோக்கிறது. அது உள்ளே புகாதிருக்க, கனெக்டரில் பயன்படுத்தாத ஒவ்வொரு துளைக்கும் அதற்குரிய அடைப்பானைப் போட்டுவிட்டுத்தான் கையைத் துடைக்க வேண்டும். என் மேசையில் அதற்கென்றே ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.